அண்ணாமலை நகரில் 12 வருஷம்: எஸ். எஸ். பிள்ளை என்ற கணக்கு வாத்தியார்

2184 முதல் 2200 வரை உள்ள எண்களை ஒரு தாளில் வரிசையாக எழுதிக்கொள்ளுங்கள். மொத்தம் 17 எண்கள். கும்பகோணத்தில் பஸ் ஏறி, அணைக்கரையில் கொள்ளிடத்தைத் தாண்டி, காட்டுமன்னார்கோவில் வழியாகச் சிதம்பரம் போய்ச் சேர்வதற்குள் இந்தத் தாளை வைத்து ஒரு வேலையை முடித்துவிடலாம். ஒவ்வோர் எண்ணையும் பகா எண்களாக உடைத்து, அதே வரிசையில் இருக்கும் வேறு ஏதாவது ஓர் எண்ணோடு அதற்குப் பொதுக் காரணி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நான் பார்த்தேன். பஸ் வீராணம் ஏரிக்கரையோரம் போய்க்கொண்டிருந்தபோது 2189இல் மாட்டிக்கொண்டேன்.

இரட்டைப்படை எண்களைப் பற்றிக் கவலை இல்லை, எல்லாவற்றுக்கும் 2 பொது. மிச்சம் எட்டு ஒற்றைப்படை எண்கள். 2187, 2193, 2199 மூன்றும் 3இல் சேர்ந்துகொள்ளும். 2185உம் 2195உம் 5இல் சேரும். 2191 ஏழால் வகுபடும், 2184உம் அப்படியே. 2189 என்பது 11 × 199. அதற்குத் துணை எங்கே என்று தேடினால் வரிசையின் கடைசி ஆளான 2200இல் (11 × 200) இருக்கிறது. 2197 என்பது 13 × 13 × 13. அதன் ஒரே துணை வரிசையின் முதல் ஆளான 2184 (13 × 168). ஆக, 17 பேரில் ஒருவர்கூடத் தனியாள் இல்லை. தலையில் ஒன்றை வெட்டினால் 2197 அனாதை, வாலில் ஒன்றை வெட்டினால் 2189 அனாதை.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. இரண்டு எண்களுக்குப் பொதுவாக ஒரு காரணி இருந்தால், அது அவற்றின் வித்தியாசத்தையும் வகுத்தாக வேண்டும். 17 எண்கள் கொண்ட வரிசையில் அதிகபட்ச வித்தியாசமே 16தான். அதனால் 2, 3, 5, 7, 11, 13 என்ற ஆறு பகா எண்களை மட்டும் வைத்துக்கொண்டு மொத்த வரிசையையும் கட்டிப்போட வேண்டும். வரிசை 16 ஆனாலோ, அதைவிடக் குறைந்தாலோ, அது நடக்கவே நடக்காது. மற்ற எதனோடும் ஒட்டாத ஓர் எண்ணாவது உள்ளே இருந்தே தீரும். எங்கே தொடங்கினாலும் சரி, கோடியில் தொடங்கினாலும் சரி. 17க்கு வந்ததும் இந்த உத்தரவாதம் போய்விடுகிறது. இதை 1940 வாக்கில் நிரூபித்துக் காட்டியவர் சிதம்பரத்தை ஒட்டிய அண்ணாமலை நகரில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராக இருந்த சுப்பய்யா சிவசங்கரநாராயண பிள்ளை. கணித உலகத்துக்கு எஸ். எஸ். பிள்ளை.

அடுத்தடுத்த எண்களைப் பெருக்கினால் வரும் விடை ஒரு வர்க்கமாகவோ கனமாகவோ அமையுமா என்ற பழைய கேள்வியைத் துரத்திக்கொண்டு போன வழியில்தான் அவர் இந்த 16ஐயும் 17ஐயும் கண்டார். அமையாது என்று முழுசாக நிரூபணமானது 1975இல், எர்டோஷ், செல்ஃப்ரிட்ஜ் என்ற இரண்டு கணிதவியலாளர்கள் சேர்ந்து.

டெல்டாவும் கணிதமும் என்றால் எல்லாருக்கும் முதலில் நினைவு வருவது கும்பகோணம், சாரங்கபாணி சன்னதித் தெரு, ராமானுஜன். அதில் தப்பில்லை. ஆனால் அங்கிருந்து சுமார் 70 கிலோமீட்டர் தள்ளி, 25 வருஷம் கழித்து நடந்ததையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் கதை முழுசாகப் புரியும் என்பது என் கட்சி. ராமானுஜனுக்குக் கும்பகோணத்தில் கிடைக்காத மூன்று விஷயங்கள் பிள்ளைக்குச் சிதம்பரத்தில் கிடைத்தன: மாசம் பிறந்தால் சம்பளம், எழுதியதை அச்சேற்ற ஓர் இதழ், பக்கத்திலேயே கணிதம் பேச ஆள். பிள்ளையின் வாழ்க்கையைப் பற்றி எழுதுவது என்றால் இந்த மூன்றும் எப்படி வந்தன என்பதைத்தான் எழுத வேண்டும்.

கும்பகோணம் அரசுக் கல்லூரிக்கு அந்தக் காலத்தில் ‘தென்னிந்தியாவின் கேம்பிரிட்ஜ்’ என்று பெயர். 1854இல் மாகாணப் பள்ளியாகத் தொடங்கி, கேம்பிரிட்ஜில் படித்த போர்ட்டர் முதல்வராக இருந்து வளர்த்த இடம். ராமானுஜன் 1904இல் உதவித்தொகையோடு அங்கே எஃப்.ஏ. (பட்டப் படிப்புக்கு முந்தைய கல்லூரிப் படிப்பு) வகுப்பில் சேர்ந்தார். அங்கே கணித விரிவுரையாளராக இருந்தவர் பி. வி. சேஷு ஐயர். இங்கிலீஷ் கட்டுரைத் தாளில் ராமானுஜன் தோற்றார், உதவித்தொகை போயிற்று, 1905இல் வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினம் போனார், அப்புறம் சென்னை பச்சையப்பனில் சேர்ந்து அங்கேயும் எஃப்.ஏ. தேறவில்லை. இவையெல்லாம் ஊரறிந்த கதை. இந்தக் கதையில் கல்லூரியை வில்லனாக்குவது சுலபம். எனக்கு அதில் பெரிய உடன்பாடு இல்லை. அன்றைய கல்லூரி பரீட்சைக்குத் தயார் செய்கிற இடம். கணிதத்தில் புதுசாக ஒன்றைக் கண்டுபிடிப்பது என்ற வேலை அங்கே வாத்தியார்களுக்கே கிடையாது, பையனுக்கு எப்படி இருக்கும்?

1907இல் வி. ராமசாமி ஐயர் என்ற டெபுடி கலெக்டர் தொடங்கிய சங்கம்தான் பின்னால் இந்தியக் கணிதச் சங்கம் ஆனது. அதன் இதழில் கட்டுரைகளோடு, வாசகர்கள் தீர்ப்பதற்காகக் கேள்விகளும் வரும். 1910இல் ராமானுஜன் நோட்டுப் புத்தகங்களைச் சுமந்துகொண்டு திருக்கோவிலூரில் ராமசாமி ஐயரைப் பார்க்க, அவர் சென்னையில் இருந்த சேஷு ஐயரிடம் அனுப்பினார். பழைய வாத்தியார், பழைய மாணவன். சேஷு ஐயர் செய்ததை வரிசையாகச் சொன்னால் எல்லாமே தபால்காரர் வேலைபோலத் தெரியும்: நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவுக்கு அறிமுகக் கடிதம் கொடுத்தார், ராமானுஜனின் முதல் கேள்விகளை 1911இல் சங்க இதழுக்கு அனுப்பிவைத்தார், கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஹார்டிக்கு எழுதிப் பார் என்று சொன்னவர்களில் அவரும் ஒருவர், ராமானுஜன் இறந்த பிறகு 1927இல் வந்த ஆய்வுக் கட்டுரைத் தொகுப்பை ஹார்டியோடும் வில்சனோடும் சேர்ந்து பதிப்பித்தார். எங்கள் பக்கத்தில் நீர்க்கட்டி என்று ஓர் ஆள் இருப்பார். தண்ணீர் அவர் உண்டாக்குவது இல்லை. எந்த மடையை எப்போது திறக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும், அவ்வளவுதான். அவர் சரியில்லை என்றால் கடைமடை காயும்.

1913இல் சென்னைப் பல்கலைக்கழகம் ராமானுஜனுக்கு மாசம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை கொடுத்தது. பட்டம் இல்லாத ஒருவருக்கு அப்படிக் கொடுக்க வழியுண்டா என்ற கேள்வியைத் தாண்டித்தான் அது நடந்தது. அடுத்த வருஷம் அவர் கப்பல் ஏறினார். அதே 1914இல் சென்னையிலிருந்து கேம்பிரிட்ஜ் போன இன்னொருவர் கே. ஆனந்த ராவ். ஹார்டியிடம் படித்து, 1919இல் திரும்பி, சின்ன வயசிலேயே பிரசிடென்சி கல்லூரியில் பேராசிரியர் ஆனவர். பிள்ளைக்குச் சங்கிலி இவர் வழியாகத்தான் வருகிறது.

பிள்ளை டெல்டாக்காரர் இல்லை. 1901 ஏப்ரல் 5ஆம் தேதி வல்லத்தில் பிறந்தார். தஞ்சாவூர்க்காரர்கள் அவசரப்பட்டு உரிமை கொண்டாட வேண்டாம், இது குற்றாலம் பக்கத்து வல்லம். தாய் கோமதி அம்மாள் இவருக்கு ஒரு வயசு ஆகும்போது இறந்துவிட்டார். வீட்டிலேயே ஆரம்பப் பாடம், அப்புறம் செங்கோட்டைப் பள்ளிக்கூடம். அங்கே சாஸ்திரியார் என்ற வாத்தியாரின் கண்ணில் பட்டார். பள்ளிப் படிப்பு முடிகிற சமயத்தில் அப்பா சுப்பய்யா பிள்ளையும் போய்விட, படிப்பு அதோடு நின்றிருக்க வேண்டியது. சாஸ்திரியார் தன் சம்பளத்திலிருந்து பணம் கொடுத்துப் படிக்கவைத்தார். அந்தக் காலத்துப் பள்ளிக்கூட வாத்தியார் சம்பளம் எவ்வளவு இருந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள், அதில் ஒரு பங்கு. நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி, திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரி என்று படித்து, 1927இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு உதவித்தொகையில் ஆனந்த ராவிடமும் வைத்தியநாதசுவாமியிடமும் வந்து சேர்ந்தார். ராமானுஜனுக்குத் தட்டுத் தடுமாறிக் கிடைத்த கதவு இப்போது திறந்தே இருந்தது.

1929இல் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் சிதம்பரத்தில் தன் கல்லூரிகளைச் சேர்த்துப் பல்கலைக்கழகமாக்கினார். பிள்ளை அந்த வருஷமே விரிவுரையாளராகச் சேர்ந்தார். கணிதத் துறைக்குத் தலைவர் ஏ. நரசிங்க ராவ், வடிவியல் ஆள். பகுப்பாய்வு என்ற கணிதப் பிரிவில் வி. கணபதி ஐயரும் அங்கேதான் வேலை பார்த்தார். விடுதிகளோடு கட்டிய பல்கலைக்கழகம் என்பதால் வாத்தியார்களும் பையன்களும் ஒரே வளாகத்தில் இருந்தார்கள்; சாயங்காலம் நடந்துபோகிற வழியில் ஒருவரை ஒருவர் பார்க்காமல் தப்பிக்க முடியாது. பல்கலைக்கழகத்துக்கென்று சொந்தமாக ஓர் ஆய்விதழ் இருந்தது. இந்தியக் கணிதச் சங்கம் 1933இல் மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்குமாக இரண்டாவது இதழ் ஒன்றைத் தொடங்கியபோது, அதற்கு ஆசிரியர் நரசிங்க ராவ். கணித இதழின் பதிப்பாசிரியரே துறைத் தலைவர் என்றால் ஒரு விரிவுரையாளருக்கு என்ன அர்த்தம் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

பிள்ளையின் ஆரம்பக் கட்டுரைகளில் ஒன்று 1933இல் அந்தப் பல்கலைக்கழக இதழில்தான் வந்தது. பத்தாம் வகுப்புப் பையனுக்கே புரியும் விஷயம் அது. 6ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 1 முதல் 6 வரை ஒவ்வோர் எண்ணுக்கும் 6க்கும் உள்ள மீ.பொ.கா. (மீப்பெரு பொதுக் காரணி) என்ன? 1, 2, 3, 2, 1, 6. கூட்டினால் 15. இப்படி எந்த எண்ணுக்கும் ஒரு கூட்டுத்தொகை வரும். அது எப்படி நடந்துகொள்ளும் என்பதுதான் கட்டுரை. இன்றைக்கு உலகம் முழுக்க அதற்குப் ‘பிள்ளை சார்பு’ என்றே பெயர். பள்ளிப் பாடப் புத்தகத்தில் இரண்டு எண்களுக்கு மீ.பொ.கா. கண்டுபிடிக்கச் சொல்லிவிட்டு அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விடுகிறோம். இதையும் ஒரு பெட்டிச் செய்தியாகப் போட்டால் குடி முழுகிவிடாது.

ஆனால் அவருடைய பெரிய வேலை வேரிங் பிரச்சினை. அதை ரூபாய் நோட்டு வைத்துச் சொல்கிறேன். ஓர் ஊரில் 1, 8, 27, 64 என்று கன எண்களில் மட்டும்தான் நோட்டு அடிக்கிறார்கள். 23 ரூபாய் கொடுக்க வேண்டும். 27 ரூபாய் நோட்டு பயன்படாது. இரண்டு 8 ரூபாய், ஏழு ஒரு ரூபாய், ஆக 9 நோட்டு. இதற்குக் குறைத்துக் கொடுக்க முடியாது. எந்தத் தொகையாக இருந்தாலும் 9 நோட்டு போதும் என்று 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிரூபித்தார்கள். வர்க்க எண்களில் நோட்டு அடித்தால் 4 போதும், அது 1770இல் லக்ராஞ்ச் நிரூபித்தது. அதே 1770இல் இங்கிலாந்தின் எட்வர்ட் வேரிங் கேட்டது: எந்த அடுக்கை எடுத்தாலும் இப்படி ஒரு வரம்பு இருக்குமா? இருக்கும் என்று 1909இல் ஹில்பர்ட் காட்டினார். ஆனால் வரம்பு எவ்வளவு என்பது அதில் இல்லை.

ஆறாம் அடுக்கைப் பார்ப்போம். நோட்டுகள் 1, 64, 729. தொகை 703. 729 பயன்படாது. 64இல் பத்து எடுத்தால் 640. மிச்சம் 63க்கும் ஒரு ரூபாய் நோட்டுதான். மொத்தம் 73. ஆக 73க்குக் குறைவாக எல்லாத் தொகைக்கும் முடியாது என்பது கண்ணுக்கே தெரிகிறது. எந்த அடுக்குக்கும் இப்படி ஒரு சங்கடமான தொகையைக் கண்டுபிடித்துவிடலாம். அதைவிட மோசமான தொகை வேறு எதுவும் இல்லை, 73 நோட்டுக்குள் எல்லாமே அடங்கும் என்று காட்டுவதுதான் கஷ்டம்.

அதற்கு இரண்டு கரையிலிருந்தும் பாலம் கட்ட வேண்டும். மிகப் பெரிய எண்களுக்கு ஒரு கோட்பாடு, சின்ன எண்களுக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தல், இரண்டும் நடுவில் சந்திக்க வேண்டும். பெரிய எண்களுக்கான கோட்பாட்டின் பிறப்பைப் பாருங்கள். ஓர் எண்ணை எத்தனை விதமாகக் கூட்டல்களாகப் பிரிக்கலாம் என்று 1918இல் ஹார்டியும் ராமானுஜனும் எழுதிய கட்டுரையில்தான் அந்த ‘வட்ட முறை’ முதலில் வருகிறது. எண்ணுகிற வேலையை அலைகளின் கூட்டலாக மாற்றிக்கொள்கிற உத்தி அது. ஹார்டியும் லிட்டில்வுட்டும் அதை வேரிங் பிரச்சினைக்குக் கொண்டுபோனார்கள். ரஷ்யாவில் வினோகிராதோவ் 1930களில் அதைப் பட்டை தீட்டினார். 1935–36இல் சிதம்பரத்தில் பிள்ளை அதைக் கையில் எடுத்தார். கும்பகோணத்துப் பையன் கேம்பிரிட்ஜில் போட்ட விதை, லெனின்கிராடும் மாஸ்கோவும் சுற்றிக் கொள்ளிடத்தின் இந்தப் பக்கம் வந்து முளைத்தது. எனக்கு இந்த வட்டம் ரொம்பப் பிடிக்கும்.

ஏழாம் அடுக்கிலிருந்து மேலே எல்லா அடுக்குகளுக்கும், ஒரு சின்ன நிபந்தனையோடு, நோட்டு எண்ணிக்கைக்கான சூத்திரத்தைப் பிள்ளை நிரூபித்தார். அதே சமயத்தில் சிக்காகோவில் எல். ஈ. டிக்சன் தனியாக அதே இடத்துக்கு வந்து சேர்ந்தார். கணிதத்தில் இது நடப்பதுதான். ஆனால் ஒருவர் அமெரிக்காவின் பெரிய இதழில் எழுதுகிறார், இன்னொருவர் அண்ணாமலைப் பல்கலைக்கழக இதழில் எழுதுகிறார். எது எத்தனை நூலகத்துக்குப் போயிருக்கும்? உள்ளூர் இதழ் இருந்தது பெரிய வரம் என்று மேலே சொன்னேன். அதன் விலை இது. ஆறாம் அடுக்கு முரண்டு பிடித்தது. 73தான் விடை என்று 1940இல் பிள்ளை தனியாகவே முடித்துவைத்தார். இந்த முறை பங்குக்கு ஆள் இல்லை. கம்ப்யூட்டர் இல்லாத காலம், கணக்கெல்லாம் பேனாவும் தாளும்தான். மிச்சம் இருந்த ஐந்தாம் அடுக்கை (37) 1964இல் சீனாவின் சென் ஜிங்ருன் முடித்தார். நாலாம் அடுக்கை (19) 1986இல் ஆர். பாலசுப்ரமணியன் இரண்டு பிரெஞ்சுக் கணிதவியலாளர்களோடு சேர்ந்து முடித்தார். பிள்ளையின் மொத்தக் கட்டுரைகளையும் 2010இல் தொகுத்த இரண்டு பேரில் அதே பாலசுப்ரமணியன் ஒருவர்.

இவ்வளவையும் அவர் செய்தது விரிவுரையாளர் பதவியில். 12 வருஷமும் அதே பதவி. கட்டுரைகளில் நாம் பேராசிரியர் பிள்ளை என்று எழுதுகிறோம், நானும் நாலு இடத்தில் அப்படிச் சொல்லியிருக்கிறேன், அது மரியாதைக்கு. டெல்டாவில் ஆராய்ச்சியும் வகுப்பும் ஒன்றாக ஓட முடியும் என்பதற்கு அவர் மட்டும் சாட்சி இல்லை. பிரான்சிலிருந்து வந்த கணிதவியலாளரான பாதிரியார் ரசீன் 1937இல் முதலில் இறங்கியது திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில். 1939இல் சென்னை லயோலாவுக்குப் போய், சி. எஸ். சேஷாத்ரி, எம். எஸ். நரசிம்மன் போன்ற கணிதவியலாளர்களை உருவாக்கினார். ஆட்கள் வருகிறார்கள், கொஞ்ச காலம் இருக்கிறார்கள், பெரிய ஊருக்குப் போய்விடுகிறார்கள். பிள்ளையும் 1941இல் திருவிதாங்கூர் போனார், அடுத்த வருஷம் கல்கத்தாப் பல்கலைக்கழகம். அவருடைய பெயர் சொல்லும் வேலைகளில் பெரும்பாலானவை அண்ணாமலை நகரோடு முடிந்துவிட்டன என்றே நினைக்கிறேன்.

1950இல் பிரின்ஸ்டன் உயர் ஆய்வு நிலையம் ஒரு வருஷத்துக்கு வரச் சொல்லி அழைத்தது. 1936க்குப் பிறகு போரால் நின்றுபோயிருந்த உலகக் கணித மாநாடும் அந்த ஆகஸ்ட் 30ஆம் தேதி ஹார்வர்டில் தொடங்கியது. அந்த ஊர் பெயரும் கேம்பிரிட்ஜ்தான். அங்கே போய்க்கொண்டிருந்த பிள்ளை கெய்ரோவில் கிளம்பிய விமானத்தில் இருந்தார். ஆகஸ்ட் 31, கெய்ரோவிலிருந்து புறப்பட்ட கொஞ்ச நேரத்தில் அது விழுந்தது. 55 பேரும் இறந்தார்கள். அவருக்கு வயசு 49.

அவர் பெயரில் இன்னொரு சங்கதி பாக்கி இருக்கிறது, எனக்கு அவருடைய வேலைகளில் அதிகம் பிடித்ததும் அதுதான். வர்க்கம், கனம், நாலாம் அடுக்கு என்று எல்லா முழு அடுக்குகளையும் ஒரே வரிசையில் நிறுத்துங்கள்: 1, 4, 8, 9, 16, 25, 27, 32, 36, 49, 64, 81, 100, 121, 125, 128… 8க்கும் 9க்கும் வித்தியாசம் 1. 25க்கும் 27க்கும் 2. போகப் போக இடைவெளி பெரிதாகிக்கொண்டே போகும், எந்த ஒரு வித்தியாசமும் குறிப்பிட்ட தடவைக்கு மேல் வராது என்பது பிள்ளையின் ஊகம். 1 என்ற வித்தியாசம் மட்டும், அதுவும் 8, 9 என்ற ஒரே ஜோடிதான் என்று, 2002இல் மிஹைலெஸ்கு நிரூபித்தார். மற்ற வித்தியாசங்களுக்கு இன்னும் முடியவில்லை.

7 என்ற வித்தியாசத்துக்கு ஒரு முன்கதை உண்டு. 1, 9, 25, 121 என்ற வர்க்கங்களோடு 7ஐக் கூட்டினால் 8, 16, 32, 128 என்று இரண்டின் அடுக்குகள் வருகின்றன. 181இன் வர்க்கம் 32761. 7 கூட்டினால் 32768, அதுவும் இரண்டின் அடுக்கு. இந்த ஐந்தைத் தவிர வேறு உண்டா என்று 1913இல் கணிதச் சங்க இதழில் கேள்வியாகப் போட்டவர் ராமானுஜன். இல்லை என்று 1948இல் நார்வேயின் நாகெல் நிரூபித்தார்.

சிதம்பரத்தில் வேலை முடிந்து திரும்பும்போதும் கும்பகோணம் பஸ்தான். காலையில் கிறுக்கிய தாளின் பின்பக்கத்தில் முழு அடுக்குகளை எழுதி, 6 வித்தியாசம் வரும் ஜோடி ஒன்றைத் தேடிக்கொண்டு வந்தேன். 4ஓடு 10 சேராது, 10 அடுக்கு இல்லை. 25ஓடு 31 சேராது. 121ஓடு 127, இல்லை. கம்ப்யூட்டரை வைத்து எவ்வளவோ தூரம் தேடிவிட்டார்கள், இதுவரை ஒரு ஜோடிகூடச் சிக்கவில்லை. கிடையவே கிடையாது என்றும் யாரும் நிரூபிக்கவில்லை. அணைக்கரையில் ஏறிய ஒரு பெரியவர் தாளை எட்டிப் பார்த்துவிட்டு, “சீட்டுக் கணக்கா தம்பி?” என்றார்.